புது லேப்டாப்பில் ஃபைல் தேடினால் ஏன் இவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதையொட்டிப் பழைய சிஸ்டத்தை ஓரங்கட்டிவிட்டுப் புது லேப்டாப் வாங்கிய படகு ஆபீஸ், கருவாட்டுக் கம்பெனி, ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்காக எழுதியது இது. ராமேசுவரம் தீவிலிருந்து மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி வரை ஆபீசுக்கு ஆபீஸ் வேலை மாறினாலும் ஃபைல் தேடுவதில் வரும் சிக்கல் ஏறத்தாழ ஒன்றுதான். மெனு பெயர்களை விண்டோஸ் 11-இல் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

பழைய கம்ப்யூட்டரில் தட்டியவுடன் வந்தது. புதியதில் மேலே பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மெஷினே மோசமா?

பெரும்பாலும் இல்லை. தேடலில் இரண்டு வகை உண்டு. கரைக்கு வந்த கூடைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பது ஒன்று. எந்தக் கூடையில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்த நோட்டைப் புரட்டுவது இன்னொன்று. அந்த நோட்டுதான் இண்டெக்ஸ். பழைய கம்ப்யூட்டர் வருடக்கணக்காக எழுதிச் சேர்த்த நோட்டு புது லேப்டாப்புக்கு வராது. ஃபைலை மட்டும் காப்பி செய்தால் நோட்டு கூடவே வருவதில்லை, முதலிலிருந்து எழுதியாக வேண்டும். பச்சைக் கோடு ஊர்ந்தால் விண்டோஸ் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அதனால் காசு செலவழிக்கும் முன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: தேடும் ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் பெயரைத் தேடுகிறீர்களா உள்ளே எழுதியிருப்பதையா, இண்டெக்ஸ் முடிந்துவிட்டதா. கீழே வரும் எல்லாப் பதிலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. தானாகச் சரியாகிவிடுமா?

ஆகலாம், ஆனால் அதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் அழுத்தி ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். மேல் வரியில் எத்தனை ஐட்டம் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது என்ற எண் இருக்கும். பக்கத்தில் ‘இண்டெக்ஸிங் கம்ப்ளீட்’ என்று இருந்தால் வேலை முடிந்தது. காத்திருந்து பயனில்லை, அடுத்த கேள்விக்குப் போங்கள். ‘ஸ்பீட் இஸ் ரெட்யூஸ்டு டியூ டு யூசர் ஆக்டிவிட்டி’ என்று இருந்தால் நீங்கள் வேலை செய்துகொண்டிருப்பதால் அது ஒதுங்கி நிற்கிறது.

முதல் வாரத்தில் விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், ஒன்டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்குக்கு அடித்துக்கொள்ளும். இண்டெக்ஸ் வேலைக்கு அந்த வரிசையில் கடைசி இடம்தான். பேட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றேவிடும். ஒரு ராத்திரி இப்படி விடுங்கள்:

சார்ஜரைச் செருகுங்கள். செட்டிங்ஸ் → சிஸ்டம் → பவர் பகுதியில், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் ஆகும் நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், இண்டெக்ஸும் கூடவே தூங்கும். ‘ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. பேட்டரி தாங்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இண்டெக்ஸ் முடிந்துவிட்டது என்கிறது. ஆனாலும் டி டிரைவில் தேடினால் நிமிடக்கணக்கில் ஆகிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

விண்டோஸ் தானாக இண்டெக்ஸ் செய்வது டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்ற உங்கள் சொந்த ஃபோல்டர்களை மட்டும். இதற்கு ‘கிளாசிக்’ என்று பெயர். நம் ஊர்ப் பழக்கமோ வேறு. லேப்டாப் வாங்கும்போதே கடையில் சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். ‘சி-யில் எதுவும் வைக்காதீங்க, ஃபார்மேட் பண்ணினா போயிடும்’ என்றும் சொல்லி அனுப்புவார்கள். அறிவுரை தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் எல்லாவற்றையும் வைத்த டி டிரைவை இண்டெக்ஸ் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி செய்ய: இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் → மாடிஃபை. மேல் பெட்டியில் டி டிரைவின் பக்கத்து அம்பை விரித்து, வேலைக்குத் தேவையான ஃபோல்டர்களுக்கு மட்டும் டிக் போடுங்கள். டி முழுவதற்கும் போடத் தோன்றும், வேண்டாம். படகுப் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், டீசல் மானியத் தாள், ஆதார் நகல், சம்பளக் கணக்கு இவை இருக்கும் ஃபோல்டர் போதும். சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர் செட்டப் கிடக்கும் ஃபோல்டரைச் சேர்த்தால் நோட்டு வீணாகத் தடிக்கும்.

பிறகு டி டிரைவின் மேல் ரைட் கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ். அடியில் ஃபைலின் உள்ளடக்கத்தையும் இண்டெக்ஸ் செய்ய அனுமதி தரும் டிக் பெட்டி இருக்கும். அதில் டிக் இல்லாவிட்டால் பெயர் மட்டும் கிடைக்கும், உள்ளே எழுதியது கிடைக்காது.

செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சர்ச்சிங் விண்டோஸ் பக்கத்தில் ‘என்ஹான்ஸ்டு’ என்று இன்னொன்று இருக்கிறது. சில பதிப்புகளில் பக்கத்தின் பெயர் வெறும் ‘சர்ச்’. அது முழுக் கம்ப்யூட்டரையும் இண்டெக்ஸ் செய்யும். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் கிளாசிக்கை வைத்துக்கொண்டு தேவையான ஃபோல்டரைக் கையால் சேர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். எல்லாக் கல்யாண ஃபோல்டரையும் இண்டெக்ஸில் சேர்க்கலாமா?

கூடாது. 4 லட்சம் ஐட்டத்தைத் தாண்டினால் இண்டெக்ஸ் திணற ஆரம்பிக்கும், 10 லட்சம்தான் உச்சவரம்பு என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம், ராவும் ஜேபெக்கும் சேர்த்தால் 8,000 ஃபைல். 50 கல்யாணத்தில் 4 லட்சம் வந்துவிட்டது. கேமரா வைத்த எண் பெயரை இண்டெக்ஸில் ஏற்றி யாருக்கும் லாபமில்லை. தேதி, ஊர், வீட்டுப் பெயர் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள்: ‘2025-09-04 கீழக்கரை’ என்று தொடங்கினால் வரிசையும் தானாக அமையும். ஆல்பம் டிசைன், பில், எஸ்டிமேட் ஃபோல்டர்களை மட்டும் இண்டெக்ஸில் சேருங்கள்.

படகு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத் தட்டினால் ஃபைல் வருவதில்லை. முழு எண்ணைத் தட்டினால் வருகிறது. ஏன்?

நம் ராமநாதபுரம் மாவட்டத்து விசைப்படகு எண் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கும், பிறகு படகின் எண். இதை இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதி ஃபைலுக்குப் பெயர் வைத்தால் விண்டோஸ் அதை ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். இண்டெக்ஸ் தேடல் சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும், நடுவையும் வாலையும் பார்க்காது.

இரண்டு வழி. இனி வைக்கும் பெயரில் எண்ணுக்கு முன் ஒரு இடைவெளி விடுங்கள்: ‘எம்எம் 123 இன்சூரன்ஸ் 2026’. அதன்பின் 123 என்று தட்டினாலே வரும். ஏற்கெனவே வைத்த பெயர்களுக்கு, தேடும் எண்ணுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் கிடைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகு ஆய்வும் தாள் புதுப்பிப்பும் நடக்கும். பெயர் மாற்றும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட்டால் அந்த நாட்களில் ஆபீசில் கூட்டம் நிற்கும்போது கை உதறாது.

பெயர் தெரியும், இடம்தான் தெரியாது. இதைவிட வேகமான வழி இல்லையா?

இருக்கிறது. ‘எவ்ரிதிங்’ என்ற சின்ன இலவச மென்பொருள், வாய்டுடூல்ஸ் தளத்தில் கிடைக்கும். அது ஃபோல்டர் ஃபோல்டராகப் போவதில்லை. என்டிஎஃப்எஸ் வகை டிரைவில் (லேப்டாப்பின் சி, டி டிரைவுகள் வழக்கமாக இந்த வகைதான்), எல்லா ஃபைலின் பெயரையும் விண்டோஸ் ஏற்கெனவே ஒரு அட்டவணையில் குறித்து வைத்திருக்கும்; அதை நேரடியாகப் படிக்கிறது. 10 லட்சம் ஃபைல் இருந்தால் முதல் தடவை சுமார் ஒரு நிமிடம். பிறகு நீங்கள் தட்டத் தட்ட வந்து விழும். பெயரின் நடு எழுத்தைத் தட்டினாலும் கண்டுபிடிக்கும், முந்தைய கேள்வியின் தொல்லை இதில் இல்லை.

எல்லை தெரிந்து பயன்படுத்துங்கள். இது பெயருக்கான கருவி. ஃபைலுக்குள் இருக்கும் வாசகத்தைத் தேடச் சொன்னால் இதுவும் கூடையைக் கவிழ்க்கும். பென் டிரைவ்களில் அதிகம் காணும் எக்ஸ்ஃபேட் வகை டிரைவில் அந்த அட்டவணை வசதி கிடையாது, ஆப்ஷன்ஸில் ஃபோல்டராகச் சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் விண்டோஸ் ‘எஸ் மோட்’ உள்ள லேப்டாப்பில் வெளி மென்பொருள் ஏறாது. எஸ் மோடை விட்டு வெளியேறுவது இலவசம், ஆனால் திரும்பிப் போக முடியாது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்-க்குள் இருக்கும் பெயரைத் தேடினால் எதுவுமே வரவில்லை.

இது வேகப் பிரச்சினையே இல்லை. ஸ்கேன் செய்த தாள் வெறும் படம், அதில் கம்ப்யூட்டர் படிக்க எழுத்து கிடையாது. எத்தனை மணி நேரம் தேடினாலும் வராது.

சோதிப்பது எளிது. பிடிஎஃப்-ஐத் திறந்து ஒரு சொல்லை மவுஸால் தேர்ந்தெடுங்கள். தேர்வாகவே இல்லை என்றால் அது படம். தேர்வானால் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் சரியாக வந்தால் தேடலிலும் கிடைக்கும். கட்டமும் கொக்கியுமாக வந்தால் பார்வைக்கு அது தமிழ், கம்ப்யூட்டருக்கு வேறு ஏதோ, அதுவும் கிடைக்காது.

படமாக இருப்பதை எழுத்தாக்க ஓசிஆர் வேண்டும். ‘நாப்ஸ்2’ என்ற இலவச ஸ்கேன் மென்பொருளில் தமிழ் மொழிப் பொதியை இறக்கிக்கொண்டு, தாளை 300 டிபிஐ-இல் ஸ்கேன் செய்து, தேடக்கூடிய பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். சில தாள்தான் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸால் திறந்தாலே எழுத்தாகிவிடும். முத்திரை விழுந்த இடம், கையெழுத்து, மங்கிய கார்பன் நகல் இவற்றை ஓசிஆர் தப்பாகத்தான் படிக்கும். முக்கியமான பெயரையும் எண்ணையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுவது ஓசிஆரைவிட நம்பகமானது.

எழுத்துள்ள பிடிஎஃப்-ம் கிடைக்கவில்லை என்றால் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு → ஃபைல் டைப்ஸ் போய் பிடிஎஃப் வரியில் டிக் இருக்கிறதா, கீழே ‘ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் ஃபைல் கன்டென்ட்ஸ்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பத்துப் பதினைந்து வருடத்து வேர்டு ஃபைல்கள். திறந்தால் நல்ல தமிழ். தேடினால் இல்லை.

பாமினி அல்லது அது போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. அவற்றில் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவம். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். இன்று செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறையான யூனிகோடில் ‘தமிழ்’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: பாமினியில் அந்தச் சொல்லுக்கு எந்த விசைகளை அழுத்துவீர்களோ அவற்றையே ஆங்கிலத்தில் தேடல் கட்டத்தில் தட்டுங்கள். குறிகளை விட்டுவிட்டு முதல் சில எழுத்து போதும். வேர்டு ஃபைலின் உள்ளடக்கம் இண்டெக்ஸ் ஆகியிருந்தால் வந்துவிடும். தட்டச்சு பழகிய விரலுக்கு இது விளையாட்டு. நிரந்தரத் தீர்வு, யூனிகோடுக்கு மாற்றுவதுதான். தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றையும் மாற்ற உட்கார வேண்டாம், திரும்பத் திறக்க வேண்டி வருபவற்றை மட்டும் மாற்றுங்கள்.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘தொண்டி’யின் முதல் எழுத்தை இரண்டு விதமாகப் பதிய முடியும். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக. அல்லது கொம்பு தனி, கால் தனியாக. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைல்களில் இதை எதிர்பாருங்கள். எவ்ரிதிங்கில் ‘ண்டி’ என்று பின்பாதியைத் தட்டினால் இரண்டு வகைப் பெயரும் வரும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு யூஎஸ்பி-யில் செருகியிருக்கிறோம். அதில் தேடினால் ஆமை வேகம்.

சுழலும் டிஸ்க்கில் சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் இருந்தால் மெதுவாகத்தான் வரும். முள் ஒவ்வொரு இடமாக ஓட வேண்டும். அதற்கு மேல் கேபிளையும் பாருங்கள். யூஎஸ்பி 3 முனையில் மொத்தம் 9 தொடுபுள்ளி. அதில் 5 வேகத்துக்கானவை. கடற்காற்று பட்டு அவற்றில் பச்சை படிந்தாலோ கேபிள் பழையதானாலோ இணைப்பு சத்தமில்லாமல் யூஎஸ்பி 2-க்கு இறங்கிவிடும். 5 ஜிகாபிட் என்பது 480 மெகாபிட் ஆகிவிடும். பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்து பாருங்கள். நொடிக்கு 40 எம்பி-யைத் தாண்டவே இல்லை என்றால் சந்தேகம் சரி. கேபிளை மாற்றுங்கள், லேப்டாப்பின் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

அன்றாடம் தேவைப்படும் ஃபோல்டர்களை லேப்டாப்புக்குள் காப்பி செய்துவிட்டு டிஸ்க்கைப் பேக்கப்பாக அலமாரியில் வைப்பதே சரி. பென் டிரைவை இண்டெக்ஸில் சேர்க்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

செருகியபடியேதான் தேட வேண்டும் என்றால், எக்ஸ்ப்ளோரர் → மூன்று புள்ளி → ஆப்ஷன்ஸ் → சர்ச் பகுதியில், இண்டெக்ஸ் இல்லாத இடங்களில் ஃபைலின் உள்ளடக்கத்தையும் தேடு என்ற டிக்கையும், ஜிப் ஃபைல்களுக்குள் தேடு என்ற டிக்கையும் எடுங்கள். பெயரை மட்டும் பார்ப்பதால் வேகம் நன்றாகத் தெரியும்.

ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறது. அதுவும் தேடலில் வருமா?

அது ஒன்டிரைவில் இருக்கிறது, லேப்டாப்பில் பெயர் மட்டும். பெயரால் தேடினால் வரும், உள்ளடக்கத்தால் வராது. ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்தால் முழுதாக இறங்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் பெரிய ஃபோல்டருக்கு இதைக் கொடுக்காதீர்கள், அன்றைய டேட்டா போய்விடும்.

ஸ்டார்ட் மெனுவில் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஸ்டார்ட் தேடல் இணையத்திலும் சேர்த்துத் தேடும். சிக்னல் தள்ளாடும் இடத்தில் அதற்காகக் காத்து நிற்பது போலத் தெரியும். ஃபைலுக்கு ஸ்டார்ட்டை விடுங்கள். விண்டோஸ் விசையும் ஈ-யும் சேர்த்து அழுத்தி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, சரியான ஃபோல்டருக்குள் போய், கன்ட்ரோல்+எஃப் அழுத்தித் தட்டுங்கள். ‘திஸ் பிசி’யில் நின்று தேடுவதைவிட ஃபோல்டருக்குள் நின்று தேடுவது எப்போதும் வேகம்.

வாட்ஸ்அப்பில் வந்த தாள்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

செயலி தன் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் மறைவு ஃபோல்டரை இண்டெக்ஸ் தொடுவதில்லை. போதாததற்கு, படமாக வந்தவற்றின் பெயர் வெறும் தேதியும் எண்ணுமாகத்தான் இருக்கும். வந்தவுடன் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, ஆள் பெயரோடு உங்கள் வேலை ஃபோல்டரில் போடுங்கள்.

‘லேப்டாப் வேகமாகட்டும்’ என்று யாரோ ‘விண்டோஸ் சர்ச்’ சேவையையே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸ் விசை + ஆர், ‘சர்வீசஸ் டாட் எம்எஸ்சி’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பட்டியலில் ‘விண்டோஸ் சர்ச்’ வரியில் ‘டிசேபிள்டு’ என்று இருந்தால் அதேதான். இரட்டைக் கிளிக் செய்து ‘ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்’ தேர்ந்தெடுத்து, அப்ளை கொடுத்துவிட்டு ‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) உள்ள லேப்டாப்பில் இதை நிறுத்துவதால் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. இழப்புதான் தினமும் தெரியும்.

இண்டெக்ஸுக்கு ரீபில்டு எப்போது கொடுக்க வேண்டும்?

இல்லாத ஃபைலைக் காட்டும்போது, இருக்கும் ஃபைலைக் காட்டாதபோது, இண்டெக்ஸ் முடியாமலேயே ஐட்டம் எண்ணிக்கை ஒரு நாள் முழுக்க நகராதபோது. மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். நோட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும் வேலை அது, முடியும்வரை இன்னும் மெதுவாகும். இடம்: இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு → ரீபில்டு. சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதியில் இடம் தீர்ந்தால் இண்டெக்ஸ் நின்றுவிடும்.

ரேம் கூட்டினால் சரியாகுமா?

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஃபைலைத் தேடுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பேச்சுக்கு இடமுண்டு. மெமரி சாதாரணமாக இருந்து டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் ரேமுக்குக் கொடுக்கும் காசு வீண். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தொட்டுப் பாருங்கள், ‘ஹெச்டிடி’ (சுழலும் டிஸ்க்) என்றிருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். விலை மலிவான சில புது லேப்டாப்பில் 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (மெதுவான சேமிப்புச் சிப்) போர்டிலேயே ஒட்டியிருக்கும். அதை மாற்ற முடியாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது.

டிஸ்க், மெமரி இரண்டுமே சும்மா இருந்தும் தேடல் ஊர்ந்தால், வைரஸ் மென்பொருள் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்போடு வந்த சோதனைக்காலப் பதிப்பு காலாவதியாகியும் உட்கார்ந்திருக்கும். அதை நீக்கினால் விண்டோஸின் டிஃபென்டர் பொறுப்பேற்கும். டிஃபென்டரை மட்டும் நிறுத்தாதீர்கள், ஊரெல்லாம் சுற்றிய பென் டிரைவ்கள் செருகப்படும் ஜெராக்ஸ் கடை லேப்டாப்பில் அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் உள்ள ஷேர் ஃபோல்டரை மற்றதிலிருந்து தேடுகிறோம்.

ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அதில் அந்த ஃபோல்டரை இண்டெக்ஸில் சேருங்கள். இரண்டும் விண்டோஸ் என்றால் தேடுகிற கம்ப்யூட்டர் அந்த இண்டெக்ஸையே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃபைல் உள்ள கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.